டர்போ பொருத்திய காரில் இக்னிஷன் டைமிங்: எத்தனை டிகிரி என்பதற்கு முன்னால் வரும் வேலைகள்

2006 மாடல் ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோலில் சின்ன டர்போவும் (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவது) இன்டர்கூலரும் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது) பொருத்தியாகிவிட்டது, கம்பெனி ஈசியூவை (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) கழற்றிவிட்டு நாமே புரோகிராம் செய்யும் ஈசியூ மாட்டியாகிவிட்டது, இன்ஜெக்டரும் பெரிதாக மாற்றியாகிவிட்டது, பூஸ்ட் (டர்போ கூடுதலாகத் தரும் காற்றழுத்தம்) அரை பார்தான். டைமிங் எத்தனை டிகிரி வைப்பது, இதே இன்ஜினில் டர்போ ஓட்டும் நண்பர் அனுப்பிய மேப்பை (ஆர்பிஎம்முக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப எண்கள் நிரப்பிய ஈசியூ அட்டவணை) அப்படியே ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு எண்ணைக் கேட்கும் கேள்வி. ஆனால் கடைசி வரியில் 'பிஸ்டன் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நிஜமான கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். இன்ஜினை உடைக்காமல் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள எங்கே தொடங்குவது?

நான் கோவையில் பதினாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், அதில் கடைசி ஒன்பது வருடம் பெரும்பாலும் டைனோவின் (காரை நிற்கவைத்து ஓட்டி அதன் பலத்தை அளக்கும் மேடை) மேல்தான். இன்ஜின் வடிவமைப்பவன் அல்ல, டியூன் செய்பவன். அதனால் தியரியை வேலைக்குத் தேவையான அளவு மட்டும் சொல்கிறேன்.

பிளக்கில் பொறி விழுந்ததும் பெட்ரோல் கலவை ஒரே நொடியில் வெடித்துவிடுவதில்லை. பிளக்கிலிருந்து நெருப்பு ஓரம் வரை பரவ நேரம் பிடிக்கும். அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே பொறியை விடுகிறோம், அந்த முன்கூட்டலைத்தான் டிகிரியில் சொல்கிறோம். 6000 ஆர்பிஎம்மில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஒரு டிகிரி திரும்ப எடுக்கும் நேரம் சுமார் 28 மைக்ரோ விநாடி, அவ்வளவு சின்ன நேரத்தை வைத்துக்கொண்டுதான் விளையாடுகிறோம். சிலிண்டரில் அழுத்தம் உச்சத்தைத் தொடுவது, பிஸ்டன் மேலே போய்த் திரும்பி ஏறக்குறைய 12 முதல் 16 டிகிரி இறங்கியபோது இருந்தால் கிராங்க்குக்கு முழுப் பலமும் கிடைக்கும். சைக்கிள் பெடல் உச்சியில் நிற்கும்போது எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகராது, கொஞ்சம் முன்னே சாய்ந்த பிறகு மிதித்தால்தான் இழுக்கும் இல்லையா, அதே கதைதான் இங்கேயும்.

டர்போ இல்லாத காரில், டைமிங்கை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றிக்கொண்டே போனால் பெரும்பாலும் ஒரு கட்டத்தில் டார்க் (கிராங்க்கைச் சுழற்றும் பலம்) கூடுவது நின்றுவிடும், அங்கே நாமும் நின்றுவிடலாம். டர்போவில் பூஸ்ட் ஏறியதும் அந்த இடம் வருவதற்கு முன்பே நாக்கிங் வந்து நிற்கும், முழு வித்தியாசமும் இதில்தான் இருக்கிறது. நெருப்பு வந்து சேர்வதற்குள் ஓரத்தில் இருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே பற்றிக்கொள்வதுதான் நாக்கிங். அப்படிப் பற்றும்போது எழும் அழுத்த அலை சிலிண்டருக்குள் மணி அடித்த மாதிரி அதிர்கிறது. உங்கள் இன்ஜினின் போர் 74 மில்லிமீட்டர், அந்த அளவுக்கு அந்த அதிர்வு சுமார் 7.7 கிலோஹெர்ட்ஸில் இருக்கும். அந்த அலை பிஸ்டன் தலைமேல் ஒட்டியிருக்கும் மெல்லிய வாயுப் படலத்தைக் கலைத்துவிடுவதால் சூடு நேராக அலுமினியத்துக்குள் இறங்குகிறது. முதலில் உடைவது பெரும்பாலும் இரண்டு ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் அந்த வரம்புதான், ரிங் லேண்ட் என்கிறோமே அது. கம்பெனி கொடுத்த பிஸ்டனில் அந்த இடம் டர்போவை நினைத்துச் செய்யப்பட்டதல்ல.

சரி, முதல் வேலைக்கு வருகிறேன். லேப்டாப் திரையில் 15 டிகிரி என்று தெரிந்தால், கிராங்க்கிலும் அது 15 டிகிரிதானா என்று பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் மேப்பில் ஒரு எண்ணையும் தொடாதீர்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம் ஒரு 2 லிட்டர் டர்போ காரை டியூன் செய்தேன். டைமிங் லைட் (பொறி விழும் நொடியில் மின்னும் விளக்கு) அடித்துப் பார்த்தேன், கிராங்க் முனையில் இருக்கும் புல்லியின் கோடு சரியாக நின்றது, திருப்தியாக வேலையைத் தொடங்கினேன். மேப்பில் இருந்த எண்கள் எல்லாம் மிதமானவைதான். நான்காவது ஓட்டத்தில் எக்ஸாஸ்டில் நீலப் புகை வந்தது. பிரித்துப் பார்த்தால் மூன்றாவது பிஸ்டனில் ரிங் லேண்ட் கைவிரல் நகம் அளவுக்கு உடைந்து, துண்டு ரிங்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஏன் என்று இரண்டு நாள் தேடினேன். கடைசியில் புல்லியில்தான் விஷயம் இருந்தது. அந்த மாதிரி புல்லியில் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர் இருக்கும், அந்த ரப்பர் பழசாகி வெளிவளையம் ஆறு டிகிரி வழுக்கியிருந்தது. கோடு வெளிவளையத்தில். நான் 14 என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் இன்ஜின் 20 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த பிஸ்டனை இன்றும் மேஜையில் வைத்திருக்கிறேன்.

அதனால் கோட்டை நம்பாதீர்கள், உச்சியை நீங்களே கண்டுபிடியுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பை மாட்டுங்கள் (பழைய பிளக்கின் உடலில் மழுங்கிய போல்ட்டைப் பொருத்தி லேத்தில் செய்துகொள்ளலாம்). கிராங்க்கைக் கையால் ஒரு பக்கம் மெதுவாகத் திருப்பி, இடித்து நிற்கும் இடத்தில் புல்லியில் குறி போடுங்கள். எதிர்ப்பக்கம் திருப்பி, இடிக்கும் இடத்தில் இன்னொரு குறி. இரண்டுக்கும் நட்டநடுவே இருப்பதுதான் உண்மையான உச்சி. அங்கே வெள்ளை பெயிண்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், அரை மணி நேர வேலை. அப்புறம் ஈசியூவில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டிவிட்டு லைட் அடித்துப் பாருங்கள். ஐடிலில் 10 காட்டினால் மட்டும் போதாது, 4000 ஆர்பிஎம் வரை ஏற்றியும் அதே இடத்தில் நிற்க வேண்டும். ஏற ஏறக் கோடு நகர்ந்தால் கிராங்க் சென்சார் ஒயர் தலைகீழாக இருக்கலாம் அல்லது ஈசியூவில் சென்சார் தாமதத்துக்கான எண் சரியில்லாமல் இருக்கலாம், அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். உங்களுடையது வேஸ்டட் ஸ்பார்க் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இரண்டு சுற்றுக்கு ஒன்று என்றில்லாமல் ஒரு சுற்றுக்கு ஒரு பொறி விழுவதால், பின்னால் டயல் திருகும் வகை லைட்டுகள் பல நேரம் இரண்டு மடங்காகக் காட்டும். டயல் இல்லாத சாதாரண லைட்டை வைத்து, புல்லியில் 10 டிகிரிக்கு இன்னொரு கோடு போட்டுப் பார்ப்பதே நல்லது.

இரண்டாவது வேலை, நாக்கிங்கைக் கேட்கக் கற்றுக்கொள்வது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து காதால் கேட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள், 5000 ஆர்பிஎம்மில் டர்போ சத்தத்திலும் எக்ஸாஸ்ட் சத்தத்திலும் லேசான நாக்கிங் காதுக்கு எட்டவே எட்டாது, எட்டும் அளவுக்கு வந்துவிட்டால் ஏற்கெனவே தாமதம். நான் இன்றும் நம்புவது ஒரு செப்புக் குழாயைத்தான். ஒரு முனையைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கி, ஓட்டை போட்டு, இன்ஜின் பிளாக்கில் காலியாக இருக்கும் போல்ட் துளையில் முறுக்கிவிட்டு, மறுமுனையில் ரப்பர் குழாயை மாட்டி, தொழிற்சாலையில் போடும் இயர்மஃப்புக்குள் விட்டுவிட வேண்டியது. முதல் நாள் எல்லாச் சத்தமும் ஒன்று போலத்தான் இருக்கும். கொஞ்சம் பழகினால் வால்வுச் சத்தம் ஒரு சீராக ஓடுவதும், அதன் நடுவே தகரத்தில் கடுகு தெறித்த மாதிரி ஒன்றிரண்டு கிளிக் விழுவதும் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும், அந்தக் கடுகுதான் நாக்கிங். வசதி இருந்தால் அதிர்வெண்ணை வடிகட்டித் தரும் எலக்ட்ரானிக் கருவி வாங்குங்கள். வளைய வடிவ நாக் சென்சாரை பிளாக்கில் முறுக்கும்போது 20 நியூட்டன் மீட்டர் சுற்றி வையுங்கள், வாஷர் போடாமல், பெயிண்டைச் சுரண்டிவிட்டு. அதிகம் முறுக்கினாலும் குறைவாக முறுக்கினாலும் சிக்னல் மாறிவிடும்.

பெட்ரோல் மேப் முழுசாகச் சரியாகும் வரை டைமிங் பக்கம் வராதீர்கள். பூஸ்டில் லாம்ப்டா (1 என்றால் காற்றும் பெட்ரோலும் மிச்சமில்லாமல் எரியும் சரிசமக் கலவை, குறைந்தால் பெட்ரோல் அதிகம்) 0.78 முதல் 0.82க்குள் நிற்க வேண்டும். கலவை எண்ணில் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று) பார்க்காமல் லாம்ப்டாவில் பாருங்கள் என்று சொல்வதற்குக் காரணம், இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குச் சரிசமக் கலவை 14.7 அல்ல, ஏறக்குறைய 13.5. கேஜில் தெரியும் எண்ணைப் பழைய கணக்கில் படித்தால் குழம்பிப்போவீர்கள். பிளக்கும் ஒரு படி குளிர்ந்ததாக இருக்கட்டும் (என்ஜிகே என்றால் எண் ஒன்று கூடுதலாக), இடைவெளி 0.7 மில்லிமீட்டருக்குக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூஸ்ட் அழுத்தத்தில் பொறி அணைந்து மிஸ்ஸாகும், அதை நாக்கிங் என்று தவறாக நினைத்து நாள் முழுக்கத் தேடுவீர்கள்.

இப்போது எண்கள். இவை தொடங்குவதற்கான எண்கள் மட்டுமே. பூஸ்ட் இல்லாமல், ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்த நிலையில், அதாவது மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) 100 கிலோபாஸ்கல் இருக்கும்போது, இந்த மாதிரி இன்ஜின் 3500 ஆர்பிஎம்மில் சுமார் 24 டிகிரியைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிஎஸ்ஐ பூஸ்டுக்கு ஒரு டிகிரி குறை என்பது ரொம்ப நாளாகப் புழங்கும் கணக்கு. அரை பார் என்றால் 7 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் மேல், ஆக 17 டிகிரி வருகிறது. அதிலிருந்து இன்னும் ஐந்தைக் கழித்து 12 டிகிரியில் தொடங்குங்கள். டார்க் உச்சத்தில் இருக்கும் ஆர்பிஎம்மில்தான் சிலிண்டர் நன்றாக நிரம்புகிறது, நாக்கிங் முதலில் தலைகாட்டுவதும் அங்கேதான், அதனால் அந்த இடத்தில்தான் எண் மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதற்கு மேல் ஆர்பிஎம் ஏற ஏற எரிய நேரம் குறைவதால் மெதுவாக ஏற்றி 6000ல் 16 வரை கொண்டுபோகலாம். பூஸ்ட் இல்லாமல் நெடுஞ்சாலையில் லேசாக மிதித்து ஓடும் செல்களில் (மேப் அட்டவணையின் கட்டங்களில்) 32, 34 என்று இருந்தால் பயப்படாதீர்கள், கலவை மெல்லியதாக இருக்கும்போது நெருப்பு மெதுவாகப் பரவும், அங்கே அதிகம் வேண்டும். ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு எண் திடீரென்று தாவக் கூடாது, மேட்டிலிருந்து இறங்கும் சரிவு மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும்.

நண்பரின் மேப்பைப் பற்றி. அதை ஏற்றாதீர்கள், ஆனால் தூக்கியும் போடாதீர்கள். அதன் வடிவத்தைப் பாருங்கள், எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்று. அவர் காரில் அடிப்படை டைமிங் நான்கு டிகிரி தப்பாக இருந்து, அதற்கேற்ப அவர் மேப்பில் எண்ணைக் கூட்டியிருந்தால் அவர் கார் நன்றாகவே ஓடும், அதே எண் உங்கள் காரில் பிஸ்டனைத் தின்றுவிடும். ஹெட் கேஸ்கெட்டின் தடிமன், ஹெட்டை எத்தனை முறை பிளேன் செய்தார்கள், இன்டர்கூலர் எங்கே இருக்கிறது என்று எத்தனையோ விஷயம் மாறும்.

ஏற்றும் முறை இதுதான். பூஸ்ட் கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு வேஸ்ட்கேட் (பூஸ்ட் மிஞ்சாமல் எக்ஸாஸ்டைத் திருப்பிவிடும் வால்வு) ஸ்பிரிங் தரும் பூஸ்டில் மட்டும் ஓட்டுங்கள். முடிந்தால் லோடு கொடுத்து ஆர்பிஎம்மைப் பிடித்து நிறுத்தக்கூடிய டைனோவை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள், டைமிங்குக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. 3000ல் நிறுத்தி, டார்க்கைக் குறித்துக்கொண்டு, ஒரு டிகிரி ஏற்றுங்கள். உதாரணத்துக்கு முதல் டிகிரிக்கு 4 நியூட்டன் மீட்டர் கூடுகிறது, அடுத்ததற்கு 3, அதற்கடுத்து 1 என்று வந்தால், இன்ஜின் போதும் என்கிறது. நாக்கிங் ஒன்றும் கேட்கவில்லையே என்று அதற்கு மேல் தள்ளாதீர்கள், ஆதாயமே இல்லாத அந்த டிகிரி வெறும் அழுத்தத்தைத்தான் கூட்டும். இடையிலேயே கடுகுச் சத்தம் கேட்டால் உடனே காலை எடுங்கள், மூன்று டிகிரி குறையுங்கள், இன்ஜின் ஆறட்டும். நாக்கிங் சூட்டை உண்டாக்கும், அந்தச் சூடு அடுத்த நாக்கிங்கை இழுத்துவரும், அதனால் 'இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம்' என்ற எண்ணமே வேண்டாம். டைனோ கிடைக்காவிட்டால் டிராக் நாட்களில் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீடுவேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ போய்ச் செய்யுங்கள். அவிநாசி சாலையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு செய்யும் வேலை அல்ல இது. இன்னொன்று, டர்போ போடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவில் வரும் மாற்றம், ஆர்டிஓவிலும் இன்சூரன்ஸிலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு நல்ல ஓட்டத்துக்கும் பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மொபைல் டார்ச்சும் நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் லென்ஸும் போதும். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவிய மாதிரி கறுப்புப் புள்ளிகளோ, அதைவிட மோசமாக வெள்ளி மாதிரி மின்னும் துகள்களோ தெரிந்தால் அன்றைய வேலையை நிறுத்திவிடுங்கள். அந்த மின்னுவது உங்கள் பிஸ்டனின் அலுமினியம்.

அப்படியானால் டைமிங்கை ரொம்பக் குறைத்து வைத்துக்கொண்டே ஓட்டிவிடலாமே என்று தோன்றும். தொடங்குவதற்குச் சரி, அப்படியே விட்டுவிடுவது சரியல்ல. பொறி தாமதமானால் எரிந்து முடிவதும் தாமதமாகி, எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் சூடு அடங்காமல் வெளியே போகும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்வது வால்வும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் டர்போவின் டர்பைனும்தான். நாக்கிங் நொடியில் கொல்லும், இது மாதக்கணக்கில் கொல்லும். தொடங்கும் நிலையில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தாமதத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன், திருத்திக்கொள்ள நேரமாவது கிடைக்கும்.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது என் அனுபவக் கணக்கு என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். அடிப்படை டைமிங்கைச் சரிபார்ப்பது, டார்க் நின்ற இடத்தில் நிற்பது, பெட்ரோலை முடித்துவிட்டு டைமிங்குக்கு வருவது, இவற்றில் இரண்டாவது பேச்சே இல்லை. ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி என்பது கணக்குச் சுருக்கம், இயற்பியல் விதி அல்ல, சில இன்ஜின் அதைவிட அதிகம் கேட்கும். பிளக்கின் தரைக்கம்பியில் நிறம் மாறும் இடத்தை வைத்து டைமிங்கையே படித்துவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதைத் துணைக்குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அதை மட்டும் நம்பி ஒரு டிகிரிகூட ஏற்ற மாட்டேன். உங்கள் காரின் கடைசி எண் என்ன என்பதை இங்கிருந்து நானோ வேறு யாரோ சொல்ல முடியாது.

நம் ஊர் வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். டிசம்பர் காலையில் கோவையில் டியூன் செய்துவிட்டு மே மாதம் மதியம் திருச்சிக்கு ஓட்டிப்போனால் அது வேறு இன்ஜின். 35 டிகிரி காற்றை அரை பாருக்கு அழுத்தினாலே சின்ன டர்போவின் வாயில் அது 90 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும், மிச்சமெல்லாம் இன்டர்கூலர் கையில். அதனால் உள்ளே போகும் காற்றின் சூட்டுக்கான திருத்த அட்டவணையைக் காலியாக விடாதீர்கள். 45 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 5 டிகிரி சூட்டுக்கும் ஒரு டிகிரி டைமிங் குறையட்டும், அது நல்ல தொடக்கம். சென்சாரை இன்டர்கூலருக்கு அப்புறம் வையுங்கள், ஆனால் இன்ஜின் சூட்டில் தானே வெந்துபோகும் இடத்தில் வேண்டாம். பெட்ரோலும் அப்படித்தான். எத்தனாலுக்கு ஆக்டேனும் (நாக்கிங்கைத் தாங்கும் திறன்) அதிகம், ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கவும் செய்யும், ஆகவே 20 சதவீதம் கலந்த பெட்ரோல் நாக்கிங் விஷயத்தில் நமக்கு நல்லதுதான். ஆனால் 100 ஆக்டேன் போட்டு டியூன் செய்துவிட்டு இரவில் வழியில் கிடைத்த பங்கில் சாதா பெட்ரோல் போட்டால் அந்த மேப் செல்லாது. நீங்கள் போடக்கூடிய மோசமான பெட்ரோல் எதுவோ, அதில் டியூன் செய்யுங்கள்.

இதைப் படிக்கும் போலோ டிஎஸ்ஐ மாதிரி கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் சின்ன டர்போ இன்ஜின்களில், குறைந்த ஆர்பிஎம்மில் கியரை மாற்றாமல் முழுசாக மிதிக்கும்போது, பொறி விழும் முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஒரு கோளாறு உண்டு. பொறிக்கு முன்பே நடப்பதால் டைமிங்கைக் குறைத்து அதை நிறுத்த முடியாது. அதற்கு ஏபிஐ எஸ்பி என்று தரம் குறித்த இன்ஜின் ஆயிலும், கீழ் ஆர்பிஎம்மில் பூஸ்டை அடக்கி வைப்பதும்தான் வழி. அந்தக் கார்களின் ஈசியூவில் டைமிங் ஒரே அட்டவணையில் இருப்பதுமில்லை, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று பிடித்து இழுக்கும், முதல் பாடத்துக்கு ஏற்ற கார் அல்ல.

உங்கள் கார் முதல் பாடத்துக்கு ஏற்றதுதான். இந்த வாரம் பிஸ்டன் ஸ்டாப் வேலையை முடித்து, 10 டிகிரியில் பூட்டி, ஐடிலிலும் 4000லும் லைட் அடித்த புல்லியின் படம் இரண்டையும் இங்கேயே போடுங்கள். கூடவே பூஸ்ட் வராமல் ஓட்டிய ஒரு லாக் ஃபைல், லாம்ப்டாவும் காற்றுச் சூடும் தெரிகிற மாதிரி. அதைப் பார்த்துவிட்டு 100 கிலோபாஸ்கல் வரையிலான செல்களை முதலில் சேர்ந்து முடிப்போம், அதுவரை டர்போவின் பக்கம் காலை அழுத்த வேண்டாம்.